கொடுப்பாரும் காப்பாரும்

'கொடையாளர்' என்னுஞ் சொல் இந்நாளிற் பல பொருள்பட வழங்குகின்றது. திருக்கோயிலுக்கு நந்தாவிளக்கு வைத்தாரும், பள்ளிக்குக் கட்டடம் எடுப்பித்தாரும், சங்கத்தின் கல்வி நிதிக்குப் பொருள் செலுத்தினாரும், மருத்துவமனையிற் குருதி அளித்தாரும், இறந்தபின் தம் உடம்பையே மருத்துவக் கல்லூரிக்கு எழுதிவைத்தாரும் ஆகிய அனைவரையும் இவ்வொரு சொல்லே சுட்டுகின்றது. சொல் ஒன்றாயினும் பொருள் ஒன்றன்று. அவ்வேறுபாட்டை ஆராய்வது வெறுஞ் சொல்லாராய்ச்சியுமன்று. நாம் கொடுப்பது நிலைக்குமா, அழியுமா என்பதே அதனைப் பொறுத்திருக்கின்றது. ஆதலின், முண்டியம்பாக்கத்தைச் சூழ்ந்த நம் நாட்டுச் செய்திகளைப் பெரிதுந் துணையாகக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் இலக்கணத்தை நோக்குவாம். 'ஈ', 'தா', 'கொடு' என்னும் மூன்றும் ஒன்றனை வேண்டிக் கேட்குமிடத்து வருஞ் சொற்கள் என்று தொல்காப்பியர் எச்சவியலிற் கூறினார். அவற்றுள் 'ஈ' என்பது தாழ்ந்தோன் கூற்று; 'தா' என்பது ஒத்தோன் கூற்று; 'கொடு' என்பது உயர்ந்தோன் கூற்று. கொடுப்பவன் நிலையை நோக்காது, கேட்பவன் நிலையை நோக்கியே சொற்கள் வேறுபட்டமை காண்க. 'ஈகை' என்னுஞ் சொல் இரப்போனது தளர்ச்சியை உட்கொண்டது. 'கொடை' என்பதோ, கேட்போன் தலைநிமிர்ந்து கேட்குஞ் சொல்லின் அடியாகப் பிறந்தது. திருவள்ளுவரும் ஈகைக்கு ஓர் அதிகாரமும், ஒப்புரவறிதலுக்கு வேறோர் அதிகாரமும் வகுத்தார். வறியார்க்குக் கொடுத்தல் ஈகை. ஊருணி நீர்போலவும், ஊர்நடுவே பழுத்த மரம்போலவும், இன்னார் இனியார் என்னாது எல்லார்க்கும் பயன்படுதல் ஒப்புரவு. முன்னதில் இரப்போன் உளன். பின்னதில் அவன் இலன். இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல் கூடாது.

இனி, வரலாற்றுக்கு வருவாம். நம் திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கில், சங்ககாலத்தில் ஓய்மாநாட்டு மன்னனாகிய நல்லியக்கோடனுடைய ஊராய் விளங்கிற்று. அவனைப் பாடியதே இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய அந்நூல் 269 அடிகளை உடையது. பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி என்னும் எழுவரும் ஏந்திய கொடைப்பாரத்தைத் தான் ஒருவனே ஏந்தியவன் என்று புலவர் அவனைப் புகழ்கின்றார். ஆயினும், அந்நூலிற் புகழினும் நம் நெஞ்சைத் தொடுவது வேறொன்று. பாணன் வீட்டு அடுக்களையில் நாய் குட்டி ஈன்று கிடக்கின்றது. மனைவி குப்பைக்கீரையை உப்புமின்றி வேகவைத்து, அயலார் கண்டால் நாணமென்று கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கின்றாள். வறுமையின் கொடுமையினும் அவ்வடைத்த கதவின் நாணமே பெரிது. நல்லியக்கோடனோ தானே நின்று உணவூட்டி, ஆடையும் பரிசிலும் தேரும் அளித்து அந்நாணத்தைத் துடைத்தான்.

இங்கே மற்றொன்றும் நோக்கற்பாலது. ஆற்றுப்படை என்பது பரிசில் பெற்று மீளும் ஒருவன், பெறாது வருந்தும் மற்றொருவனுக்கு வழிகாட்டுவது. பெற்றவன் தான் பெற்றதோடு அமையாது, பெறும் வழியைப் பிறனுக்குக் கொடுக்கின்றான். எனவே கொண்டவனும் ஒரு கொடையாளனே ஆகின்றான். கொடை இருவரோடு முடிவதன்று என்பதை நம் முன்னோர் ஒரு நூல்வகையாகவே அமைத்துவைத்தனர்.

வள்ளலென்றே பெயர்பெற்ற ஆய் அண்டிரனைப் பாடுங்கால், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார், அவன் அறவிலை வணிகன் அல்லன் என்றார். இம்மையிற் கொடுத்து மறுமையிற் பயனை வாங்குதல் வாணிகமேயன்றிக் கொடையன்று என்பது அவர் கருத்து. 'அறவிலை' என்னும் அச்சொல்லை நினைவிற் கொள்க. இக்கட்டுரையின் பிற்பகுதியில் அது மீண்டும் வேண்டப்படும்.

சங்ககாலத்துக் கொடை பாட்டில் நின்றது. பிற்காலத்துக் கொடை கல்லில் நின்றது. விழுப்புரத்தினின்று செஞ்சி செல்லும் பக்கத்திலுள்ள மண்டகப்பட்டில், 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்மப் பல்லவன் ஒரு குன்றைக் குடைந்து, செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றி மும்மூர்த்திகட்குக் கோயில் செய்தான். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு 'விசித்திரசித்தன்' என்னும் விருதுப்பெயரால் அவனைக் குறிக்கின்றது. அக்கல்வெட்டில் அழுத்தம் பெறுவது செய்தவன் குலமன்று, செய்த வகையே.

சோழர் காலத்தில் ஒவ்வொரு கொடைக்கும் ஒவ்வொரு பெயர் ஏற்பட்டது. கோயிலுக்கு விட்டது தேவதானம். அந்தணர்க்கு விட்டது பிரமதேயம். சமண பௌத்தப் பள்ளிகட்கு விட்டது பள்ளிச்சந்தம். ஏரி காக்க விட்டது ஏரிப்பட்டி. ஊர்க்காகப் போரிற் பட்டவனது குடும்பத்திற்கு விட்டது உதிரப்பட்டி. இவற்றுள் உதிரப்பட்டியில் யார் கொடையாளர்? நிலத்தை விட்ட ஊராரா, குருதியைச் சிந்திய வீரனா? கொடுத்தவன் வீரன், ஊரார் கடன் தீர்த்தவரே என்பது எம் துணிபு.

விழுப்புரத்திற்கு அணித்தாய்ப் பம்பையாற்றங்கரையிலுள்ள திருவாமாத்தூர், மூவரும் பாடிய தலம். அவ்வூர்க் கோயிலிலுள்ள சோழர் காலக் கல்வெட்டொன்று, திருப்பதியம் பாடுதற்குக் கண்ணில்லார் பதினாறுவரையும், அவர்க்குக் கண்ணாய் நின்று வழிகாட்ட இருவரையும் நியமித்து நிவந்தம் வகுத்ததைக் கூறுகின்றது. இதனினும் நுண்ணிய கொடையை யாண்டுங் காண்டல் அரிது. கண்ணில்லார்க்குச் சோறு போட்டு அனுப்பிவிடுதல் எளிது. அவரைப் பாடகராக்கி, அவர் பாட்டிற்கு ஊதியம் வகுத்து, வழிகாட்டுவார்க்கும் வாழ்வு வகுத்தமை அவர்தம் நாணத்தைக் காத்த கொடையாகும். ஈகையாய் நிற்கவேண்டியதனை ஒப்புரவாக உயர்த்திய அறம் அது.

எண்ணாயிரமும் நம் மாவட்டத்து ஊரே. 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், முதலாம் இராசேந்திரன் காலத்தில், அவ்வூர்ச் சபையார் வேதக்கல்லூரி ஒன்றற்கு 45 வேலி நிலம் ஒதுக்கினர். அங்கே இளமாணாக்கர் 270 பேரும் முதுமாணாக்கர் 70 பேரும் பயின்றனர். ஆசிரியர் பதினால்வர் கற்பித்தனர். இளமாணாக்கர்க்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். முதுமாணாக்கர்க்குக் குருணி இருநாழி, அஃதாவது பத்து நாழி. 96 நாழி ஒரு கலமாதலின், மாணாக்கர்க்கு மட்டும் நாடோறும் 24 கலத்திற்கு மேல் நெல் வேண்டியிருந்தது. இதனைக் கொடுத்தார் யார்? மன்னன் ஆணை தந்தான். சபையார் நிலம் வகுத்தனர். நெல்லை விளைத்தவரோ உழவர். வேதம் ஓதும் உரிமை அக்காலத்து ஒரு வகுப்பார்க்கே இருந்தமையின், அவ்வுழவர்தம் மக்களுக்கு அக்கல்லூரியில் இடமில்லை. அவ்வறத்தின் பெருமையை நாம் மறுக்கின்றிலேம். எனினும், ஒரு கொடையை அளக்குங்கால், எவர்க்குக் கதவு திறந்தது என்பதோடு எவர்க்கு அடைத்தது என்பதையுஞ் சேர்த்தே அளத்தல் வேண்டும். சங்கம் வைத்துக் கல்வி நிதி திரட்டும் நமக்கும் இவ்வளவுகோல் பொருந்துவதே.

இனிக் காப்பார் பெருமையைக் கூறுவாம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில், ஒரு நந்தாவிளக்கிற்கு 96 ஆடேனும், 48 பசுவேனும், 16 எருமையேனும் வைப்பது வழக்கு. அவற்றைப் பெற்ற இடையன் நாடோறும் உழக்கு நெய் அளக்கக் கடவன். அவ்வாட்டிற்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடு சாவாதா? மூவாதா? சாவும், மூக்கும். ஆயினும் இறந்ததற்கு ஈடாகக் குட்டியை நிறுத்தி, எண்ணிக்கை குறையாமற் காப்பது இடையன் கடன். அவனுக்குப்பின் அவன் மகன் கடன். சாவாதது ஆடன்று, காப்பாரது பொறுப்பே. விளக்கு வைத்தவன் ஒருநாள் கொடுத்தான். இடையனோ நாடோறுங் கொடுத்தான். அதனாலன்றோ, இவ்வறத்தைக் காப்பவன் திருவடி என் தலைமேலது என்னுங் கருத்தைக் கல்வெட்டுக்களின் இறுதியில் மன்னரும் பொறித்துவைத்தனர்! கொடுத்தவன் காப்பவனை வணங்குகின்றான்.

இவ்வுண்மைக்குச் சென்னையிலும் சான்று உண்டு. வள்ளல் பச்சையப்பர் 1794-ஆம் ஆண்டு தம் செல்வத்தை அறத்திற்கென்று விருப்பமுறி எழுதிவைத்து மறைந்தார். அவர் முதன்மையாகக் கருதியவை கோயில் அறங்கள். அப்பொருள் காப்பாரின்றிச் சீரழிந்து, நெடுங்காலம் வழக்கு மன்றத்திற் கிடந்தது. அட்வொகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றார் முயற்சியால் அது மீட்கப்பெற்று, அறங்கள் போக எஞ்சிய பொருளைக்கொண்டு 1842-இற் பள்ளி தோன்றிற்று. இடையே கழிந்தன 48 ஆண்டுகள். இன்று பச்சையப்பர் பெயரை உலகம் கல்வியோடு சேர்த்துச் சொல்கின்றது. அப்பொருளை அக்கொடைக்குத் தந்தோர் காத்தோரே.

நம் பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்து வடலூரில் வேறொரு வள்ளலைக் காண்கின்றோம். இராமலிங்க அடிகளார்க்குச் செல்வமில்லை. 1867-ஆம் ஆண்டு மே திங்கள் 23-ஆம் நாள் அவர் சத்திய தருமச்சாலையைத் தொடங்கியபோது, பார்வதிபுரத்தார் 80 காணி நிலம் அளித்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணைந்திலது. உலகம் அவரை 'வள்ளலார்' என்றே அழைக்கின்றது. பொருளில்லாதவன் வள்ளலாதல் யாங்ஙனம் எனின், பிறர் பசியைத் தன் பசியாக உணர்ந்து, கொடுக்க வல்லாரை ஒன்று கூட்டினமையால் என்க.

இனி, இக்காலக் கொடையைக் கூறுவாம். முண்டியம்பாக்கத்தில் 2010-ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியதன்பின், கொடை என்னுஞ் சொல் நம் ஊர்ப்புறத்துப் புதுப்பொருள் பெற்றுவிட்டது. குருதி, கண், உறுப்பு, உடம்பு ஆகிய இவை இக்காலத்துக் கொடைப்பொருள்கள். நல்லியக்கோடன் பாணனை எதிர்நின்று கண்டு மகிழ்ந்தான். குருதி கொடுப்பவனோ கொள்பவனைக் காணான். அவன் பெயரும் குலமும் அறியான். கொள்பவனும் அறியான். புகழும் நன்றியும் இடையே நுழைய வழியில்லாத இக்கொடை, வள்ளுவர் கூறிய ஒப்புரவிற்கு மிக அணித்தாக நிற்கின்றது.

ஆயினும், இச்சொல்லுக்கு இழுக்கும் நேர்ந்தது. முன்னாளிற் பசிக்காகக் குருதி விற்றவனும் 'கொடையாளி' என்றே எழுதப்பட்டான். உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டுத் தீர்ப்பால், 1998 சனவரி முதல் அவ்விற்பனை தடுக்கப்பட்டது. சென்னை வில்லிவாக்கத்தில் வறியவர் பலர் கடன் தீர்க்கச் சிறுநீரகத்தை விற்றனர். அவ்வூரின் பெயரையே திரித்து உலகம் இகழ்ந்தது. அவர்களையும் ஏடுகள் 'கொடையாளர்' என்றே குறித்தன. 1994-ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் அவ்விற்பனையைக் குற்றமாக்கிற்று. வறுமையால் விற்பவனைக் கொடையாளி என்றல் அவன் துயரை மறைப்பதாகும்; விலைகொடுத்து வாங்கியவன் குற்றத்தையும் மறைப்பதாகும். முடமோசியார் கண்ட அறவிலை வணிகன் மறுமையை வாங்கினான். இவ்வணிகரோ ஏழையின் உடம்பை வாங்கி, அதற்கு அறத்தின் பெயரைச் சூட்டினர். சொல்லைக் காவாதவிடத்து அறமுங் காக்கப்படாது.

2008-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவப் பெற்றோர் இருவர், விபத்தில் மூளைச்சாவு எய்திய தம் மகனுடைய உறுப்புக்களை அளித்தனர். அதன்பின் தமிழகத்தில் இக்கொடை பெருகிற்று. உறுப்புக்கொடை செய்தார் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படும் என்று 2023 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. இங்கே கொடையாளர் யார்? உறுப்பு மகனுடையது, இசைவு பெற்றோருடையது. அழுகை ஓயாத அந்நேரத்தில் 'ஆம்' என்று சொல்லும் ஒரு சொல்லே அக்கொடை.

அன்பர்களே, நம் குடும்பங்கள் எண்ணிப்பார்க்கவேண்டுவது இதுவே. ஒருவர் தம் உடம்பையோ கண்ணையோ எழுதிவைக்கலாம். ஆயினும் இறந்தபின் அவர் எழுந்து வந்து கொடுத்தல் இயலாது. நடைமுறையில் உறவினர் இசைவின்றி மருத்துவர் மேற்செல்வதில்லை. கண்ணை ஆறு மணி நேரத்திற்குள் எடுத்தல் வேண்டும். அந்நேரத்தில், பங்காளிகள் என்ன சொல்வரோ, சடங்கு குறைபடுமோ என்று வீட்டார் தயங்குவராயின், எழுதிவைத்தாரது சொல் பொய்யாய்ப் போம். ஆகவே எழுதிவைப்போர், தம் மனைவி மக்களை அருகிருத்தி உயிரோடிருக்கும்போதே சொல்லிவைத்தல் வேண்டும். கேட்ட மக்கள் அதனைத் தந்தை சொல்லாகக் கொண்டு காத்தல் வேண்டும். 96 ஆடுகளைக் காத்த இடையனுக்கும், ஒரு தந்தையின் கண்களை உரிய காலத்திற் கொடுத்த மகனுக்கும் வேறுபாடு இல்லை.

சங்கத்தின் கல்வி நிதிக்கும் இஃதொக்கும். கொடுத்தார் பெயரை அச்சிடுகின்றோம்; அது முறையே. அப்பெயர்களின்கீழ், அந்நிதியை ஆண்டுதோறும் கணக்குக் காட்டிக் காப்பார் பெயரையும், அதனாற் படித்து மேம்பட்டுப் பிறனொருவனைப் படிப்பிப்பார் பெயரையும் சேர்த்து அச்சிடுவோமாக. கொடுப்பார், கொள்வார், காப்பார் என்னும் மூவரும் கூடியவிடத்தே கொடை என்னுஞ் சொல் நிறைவுபெறும். அவருள் ஒருவர் குறையினும், கல்லில் எழுத்து இருக்கும், விளக்கு எரியாது.