டொமினியன் காலக் கார்டாசியா

டொமினியன் காலக் கார்டாசியா என்பது ஸ்டார் ட்ரெக் புனைவுலகில், போரினால் நலிவுற்ற கார்டாசிய ஒன்றியம், டொமினியன் என்னும் வல்லரசின் சார்பு நாடாக இருந்த காலகட்டத்தைக் குறிக்கும். அப்புனைவுலகின் காலவரிசைப்படி இது 2373 முதல் 2375 வரை நீடித்தது. 1993 முதல் 1999 வரை ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன் தொலைக்காட்சித் தொடரின் ஐந்தாம் பருவம் தொடங்கி இறுதி அத்தியாயம் வரை இக்காலகட்டம் விரிவாகச் சித்தரிக்கப்பட்டுள்ளது. பிற மக்களை அடிமைப்படுத்திய ஓர் அரசு, இழந்த பெருமையை மீட்கும் பொருட்டுத் தன் இறைமையைக் கையளித்து, இறுதியில் தானும் அடிமைப்பட்டதே இக்கதையின் சாரம் ஆகும்.

பின்புலம்

கார்டாசியர்கள் முதன்முதலில் 1991 ஆம் ஆண்டு ஒளிபரப்பான "தி வூண்டட்" என்னும் அத்தியாயத்தில் தோன்றினர். அவர்களது தாய்க்கோளான கார்டாசியா பிரைம் வளங்குன்றியது. பசியிலும் வறுமையிலும் இருந்து நாட்டை மீட்பதாகக் கூறியே அங்கு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. அண்டைக் கோளான பஜோர் பல பத்தாண்டுகள் கார்டாசிய ஆக்கிரமிப்பில் இருந்து 2369 இல் விடுதலை பெற்றது. அதே ஆண்டில் பஜோருக்கு அருகே, விண்மீன் பேரடையின் தொலைவிலுள்ள காமா காற்பகுதிக்குச் செல்லும் புழுத்துளை ஒன்று கண்டறியப்பட்டது. டொமினியன் அந்தத் தொலைப்பகுதியை ஆளும் அரசாகும்.

கார்டாசியாவின் உளவு அமைப்பான அப்சிடியன் ஆர்டர், 2371 இல் டொமினியனின் ஆட்சியாளர்களை அழிக்க முற்பட்டுத் தானே அழிந்தது. இதனால் இராணுவத் தலைமையின் பிடி தளர்ந்தது. 2372 இல் மக்கள் எழுச்சியின் மூலம் டெட்டாபா அவை என்னும் குடிசார் அவை ஆட்சிக்கு வந்தது. இம்மாற்றம் டொமினியனின் சூழ்ச்சியே எனக் கருதிய கிளிங்கான் பேரரசு கார்டாசியாவின் மீது படையெடுத்தது. போரில் ஒன்றியம் பெரும் இழப்பைச் சந்தித்தது.

இணைவு

குடிசார் அவை பேச்சுவார்த்தையை நாடியதை ஏற்காத குல் டுகாட், கைப்பற்றிய ஒரு கிளிங்கான் கப்பலைக் கொண்டு தனித்துப் போரிட்டார். பின்னர் அவர் டொமினியனுடன் இரகசியமாகப் பேசி உடன்பாடு கண்டார். 1997 பெப்ரவரியில் ஒளிபரப்பான "பை இன்ஃபர்னோஸ் லைட்" அத்தியாயத்தில், கார்டாசியா டொமினியனில் இணைந்துவிட்டதாகவும் தாமே அதன் தலைவர் என்றும் அறிவிக்கிறார். கிளிங்கான் படைகள் விரட்டப்பட்டன. எல்லைப்பகுதியில் கார்டாசியரை எதிர்த்துப் போரிட்ட மாக்கீ என்னும் கிளர்ச்சிக் குழுவும் ஒழிக்கப்பட்டது. மக்களின் பார்வையில் இது நாட்டின் மீட்சியாகவே தோன்றியது. ஆயினும் டொமினியன் பெற்ற பயனே பெரிது. புழுத்துளைக்கு இப்பால் அதற்கு உறுதியான ஒரு தளம் கிடைத்தது.

ஆட்சி அமைப்பு

பெயரளவில் கார்டாசியத் தலைவரே நாட்டை ஆண்டார். உண்மையான அதிகாரம் மூன்று அடுக்குகளாக அமைந்திருந்தது.

- நிறுவனர்கள்: எவ்வுருவும் எடுக்கவல்ல உருமாறிகள். டொமினியனின் இறுதி அதிகாரம் இவர்களிடமே இருந்தது.
- வோர்ட்டா: நிறுவனர்களைத் தெய்வமாக வழிபடும் நிருவாகிகள். வெயூன் என்பவர் கார்டாசியாவில் இவர்களின் பேராளராக இருந்தார்.
- ஜெம்ஹடார்: போருக்கென்றே உருவாக்கப்பட்ட வீரர்கள். கெட்ராசெல் வைட் என்னும் பொருளின்றி இவர்களால் வாழ இயலாது. அதன் விநியோகம் வோர்ட்டாக்களிடம் இருந்தது.

2373 இன் இறுதியில் கூட்டமைப்புடன் டொமினியன் போர் மூண்டது. 2374 இல் டீப் ஸ்பேஸ் நைன் நிலையத்தை இழந்தபோது, தம் மகள் சியாலின் மரணத்தால் டுகாட் மனம் பேதலித்தார். அவருக்குப் பின் டமார் தலைவரானார். டமார் குடிப்பழக்கத்தில் மூழ்கியவராகவும், பிறர் நீட்டும் ஆவணங்களில் ஒப்பமிடுபவராகவும் காட்டப்படுகிறார். 2375 இல் பிரீன் இனத்தவருடன் டொமினியன் செய்துகொண்ட உடன்படிக்கையில், உள்ளடக்கம் அறியாமலே அவர் ஒப்பமிட நேர்ந்தது. அது கார்டாசிய நிலப்பகுதிகளையும் விட்டுக்கொடுப்பதாக இருந்தது. செப்டிமஸ் III இல் உதவிப்படை அனுப்பப்படாமல் கைவிடப்பட்ட 500,000 கார்டாசிய வீரர்கள் மாண்டனர்.

கிளர்ச்சி

"தி சேஞ்சிங் ஃபேஸ் ஆஃப் ஈவில்" (1999) அத்தியாயத்தில், டமார் டொமினியனுக்கு எதிராகக் கிளர்ந்தெழுமாறு மக்களுக்கு அறைகூவல் விடுக்கிறார். ரொண்டாக் III இல் இருந்த படியாக்க நிலையம் முதலில் தாக்கப்பட்டது. கிளர்ச்சியாளருக்குப் பயிற்சியளிக்க, பஜோரின் முன்னாள் விடுதலைப் போராளியான கிரா நெரிஸ் அனுப்பப்பட்டார். டமாரின் மனைவியும் மகனும் கொல்லப்பட்டபோது, இத்தகைய கட்டளைகளை எவரால் இட முடியும் என அவர் கேட்கிறார். பஜோரில் கார்டாசியர் இட்ட கட்டளைகளும் அத்தகையவையே என்பதைக் கிரா அவருக்கு நினைவூட்டுகிறார்.

போரின் முடிவு

1999 சூன் 2 அன்று ஒளிபரப்பான இறுதி அத்தியாயமான "வாட் யூ லீவ் பிஹைண்ட்" இல், கார்டாசியப் பொதுமக்கள் நாசவேலைகளில் ஈடுபடுகின்றனர். இதற்குப் பழிவாங்கலாக லக்காரியன் நகரம் தரைமட்டமாக்கப்பட்டு 20 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். செய்தி அறிந்த கார்டாசியக் கடற்படைக்கு ஒப்பான விண்கலப்படை, போரின் நடுவே டொமினியனுக்கு எதிராகத் திரும்பியது. உடனே கார்டாசிய இனத்தையே அழிக்குமாறு பெண் உருமாறி ஆணையிட்டார். டொமினியன் தலைமையகத்தினுள் நுழைய முயன்றபோது டமார் கொல்லப்பட்டார். டொமினியன் சரணடைந்தபோது 80 கோடிக்கும் மேற்பட்ட கார்டாசியர் மடிந்திருந்தனர்.

முக்கிய மாந்தரும் நடிகர்களும்

- குல் டுகாட்: மார்க் அலைமோ
- டமார்: கேசி பிக்ஸ்
- வெயூன்: ஜெஃப்ரி கோம்ஸ்
- பெண் உருமாறி: சலோமி ஜென்ஸ்
- கிரா நெரிஸ்: நானா விசிட்டர்
- எலிம் காரக்: ஆண்ட்ரூ ராபின்சன்

பிற ஆக்கங்களில்

போருக்குப் பிந்திய கார்டாசியாவைப் பற்றித் தொலைக்காட்சித் தொடர் விரிவாகக் கூறவில்லை. காரக் வேடமேற்ற ஆண்ட்ரூ ராபின்சன் எழுதிய "எ ஸ்டிச் இன் டைம்" (2000) என்னும் புதினம், இடிபாடுகளுக்கிடையே நாட்டை மீளக் கட்டியெழுப்புவதைக் காரக்கின் பார்வையில் கூறுகின்றது. ஊனா மெக்கார்மக்கின் "தி நெவர் எண்டிங் சாக்ரிஃபைஸ்" (2009), பஜோரியரால் வளர்க்கப்பட்டுக் கார்டாசியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட ருகல் என்னும் சிறுவனின் வாழ்க்கை வழியாக இதே காலகட்டத்தை விவரிக்கின்றது.