மெக்னேரி அணையில் நின்றுபோன 13 ஜெனரேட்டர்கள்

1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10, சனிக்கிழமை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நல்ல வெயில். பிற்பகல் 3 மணி 48 நிமிடத்தைத் தாண்டியபோது அங்கிருந்த மாபெரும் மின்கட்டமைப்பு நான்கு துண்டுகளாக உடைந்தது. சுமார் 75 லட்சம் மின்நுகர்வோருக்கு மின்சாரம் போனது. சிலருக்குச் சில நிமிடங்களில் திரும்பி வந்தது. சிலர் 9 மணி நேரம் வரை காத்திருந்தார்கள்.

ஒரு மரத்தில் மின்கம்பி பட்டதுதான் காரணம் என்று இந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, கொலம்பியா ஆற்றின் மேல் இருக்கும் மெக்னேரி அணையில், 13 ஜெனரேட்டர்களின் எக்சைட்டர்களுக்குள் இருந்தது.

எக்சைட்டர் என்றால் என்ன?

தண்ணீர் விழுந்து சுழற்றினால் மட்டும் ஜெனரேட்டர் மின்சாரம் தராது. சுழலும் ரோட்டாரில் காந்தப்புலம் வேண்டும். அதற்காக ரோட்டார் சுருளுக்கு நேர்மின்னோட்டம் கொடுக்கும் கருவிதான் எக்சைட்டர். இயந்திரம் தன் காந்தத்துக்கான மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்துகொள்ள முடியும் என்பதை 1866-67இல் சீமன்ஸ், வீட்ஸ்டோன், வார்லி ஆகிய மூவரும் தனித்தனியாகக் கண்டறிந்தார்கள்.

எக்சைட்டர் கொடுக்கும் மின்னோட்டம் கூடினால் ஜெனரேட்டரின் வோல்டேஜ் ஏறும், குறைந்தால் இறங்கும். ஆரம்பத்தில் ஓர் ஆள் பக்கத்தில் நின்று கையால் திருப்பிச் சரிசெய்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிரில் என்பவர் பெயரால் வழங்கிய ரெகுலேட்டர் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. 1960களில் தைரிஸ்டர் வந்ததும் வேகம் பல மடங்கு கூடியது. ஆனால் வேகத்துக்கும் ஒரு விலை இருந்தது! வோல்டேஜைச் சட்டென்று சரிசெய்யும் கருவியே மின்கட்டமைப்பில் எழும் அலைவுகளை அடங்கவிடாமல் செய்யக்கூடும். இதை 1969இல் டிமெல்லோ, கன்கார்டியா இருவரும் விளக்கினார்கள். அலைவைத் தணிக்கும் ஸ்டெபிலைசர் என்ற துணைக்கருவி பரவலானது. அதன் பிறகு இந்த வேலைகளெல்லாம் மெல்ல மெல்லச் செயலிப் பலகைகளுக்கு மாறின.

அந்தப் பிற்பகலில் நடந்தது என்ன?

வடக்கே நீர்மின்சாரம் தாராளம், தெற்கே கலிபோர்னியாவில் தேவை அதிகம். எனவே தெற்கு நோக்கிச் செல்லும் மாறுமின்னோட்ட லைன்களில் 4,000 மெகாவாட்டுக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. 3 மணி 42 நிமிடத்துக்கு போர்ட்லாந்து அருகே கீலர்-ஆல்ஸ்டன் என்ற 500 கிலோவோல்ட் லைன் தொய்ந்து மரத்தைத் தொட்டது. அதன் சுமை மற்ற லைன்களுக்குப் போனது. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு லைனும் விழுந்தது. வோல்டேஜ் இறங்கத் தொடங்கியது.

மெக்னேரியின் எக்சைட்டர்கள் தம் கடமையைச் செய்தன. ரோட்டாருக்கான மின்சாரத்தை ஏற்றி, வோல்டேஜைத் தாங்கிப் பிடித்தன. அப்படி உச்சத்தில் உழைத்த நேரத்தில்தான் எக்சைட்டரின் பாதுகாப்புக்காக வைத்திருந்த ஃபேஸ் சமமின்மை ரிலே தவறாக இயங்கியது. ஆபத்து என்று எண்ணி அது ஜெனரேட்டரை நிறுத்திவிட்டது. ஒன்று நின்றதும் அதன் பாரம் மற்றவற்றின் மேல் ஏறியது. அவையும் ஒவ்வொன்றாக நின்றன. ஒன்றரை நிமிடத்திற்குள் 13 ஜெனரேட்டர்களும் அவுட்!

இதற்குள் கட்டமைப்பு ஊஞ்சல் போல, ஏறக்குறைய நான்கு விநாடிக்கு ஒருமுறை ஆடத் தொடங்கியிருந்தது. ஆட்டம் அடங்கவில்லை, பெருகியது. கலிபோர்னியாவையும் ஆரிகனையும் இணைத்த லைன்கள் அறுந்தன. மீதி எல்லாம் சீட்டுக்கட்டு போலச் சரிந்தது.

கணினி சொன்ன வேறு கதை

விசாரணையில் ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. அன்றைய நிலவரத்தை வழக்கமான கணினி மாதிரியில் போட்டுப் பார்த்தார்கள். அலைவுகள் அழகாக அடங்கின, கட்டமைப்பு பிழைத்துக்கொண்டது! ஆனால் பதிவுக்கருவிகள் காட்டிய உண்மையோ நேர்மாறு.

வணிகவியல் மாணவர்களுக்கு இது புதிதல்ல. ரொக்க ஏடு ஓர் இருப்பைக் காட்டும், வங்கிச் செல்லேடு வேறோர் இருப்பைக் காட்டும். அப்போது ஒவ்வொரு பதிவாக ஒப்பிட்டு வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் தயாரிப்போம் அல்லவா? பொறியாளர்களும் அதைத்தான் செய்தார்கள். வேகம் குறையும்போது உதவிக்கு வரும் என்று மாதிரி நம்பியிருந்த பல டர்பைன் கவர்னர்கள் உண்மையில் வரவில்லை. நேர்மின்னோட்ட லைனின் கட்டுப்பாடும் நுகர்வோர் சுமையும் மாதிரியில் சரியாக இல்லை. இவற்றைத் திருத்திய பிறகே கணினி அன்றைய சரிவை அப்படியே காட்டியது. அதன் பின் மேற்குப் பகுதியில் ஜெனரேட்டர்களை நேரில் சோதித்து மாதிரியைச் சரிபார்ப்பது கட்டாயமானது.

இன்றைய பலகைகளுக்கும் அதே பாடம்

இப்போது பல எக்சைட்டர்களில் இரண்டு செயலிப் பலகைகள் இருக்கின்றன. ஒன்று பழுதானால் மற்றொன்று பொறுப்பேற்கும். கேட்க நிம்மதியாக இருக்கிறது. ஆனால் அந்த இரண்டாவது பலகையிலும் அதே மென்பொருள், அதே அமைப்பு அளவுகள் இருக்கின்றனவா? சுமை ஏறிய நிலையில் அது உண்மையிலேயே பொறுப்பேற்கிறதா? சோதிக்காதவரை அது காகிதத்தில் உள்ள சொத்து மட்டுமே. பழுது வந்ததும் பலகையைக் கழற்றி மாற்றிவிடும் அவசரமும் ஆபத்தானது. நிகழ்வுப் பதிவை முதலில் சேமிக்காவிட்டால், பழைய பலகையோடு காரணமும் போய்விடலாம். குற்றம் பலகையில் இல்லாமல் அதன் மின்வழங்கியிலோ, தளர்ந்த இணைப்பிலோ இருந்தால் புதிய பலகையும் அதே கதிக்குத்தான் ஆளாகும்.

மெக்னேரியின் ரிலேக்கள் சாதாரண நாட்களில் எந்தக் குறையையும் காட்டவில்லை. எக்சைட்டர் முழு பலத்தோடு உழைக்க வேண்டிய நாளில்தான் அவற்றின் குறை தெரிந்தது. எக்சைட்டர் கட்டுப்பாட்டின் கணினி மாதிரியை உண்மையான இயந்திரத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்ற விதிக்கு அமெரிக்க அரசின் ஒழுங்குமுறை ஆணையம் 2014இல் ஒப்புதல் அளித்தது. அந்தச் சனிக்கிழமைக்கும் இந்த விதிக்கும் இடையே 18 ஆண்டுகள்...