மானம் காத்த மருத்துவம்

நோய்களுள் சில வலியால் வருத்துவன. சில நாணத்தால் வருத்துவன. இருமினாலும் தும்மினாலும் சுமை தூக்கினாலும் தம்மையறியாமல் சிறுநீர் கசிந்து ஆடையை நனைக்கும் நிலை இரண்டாம் வகையினது. இதனால் உயிர் போவதில்லை. ஆனால், நாலு பேர் கூடும் இடத்திற்குச் செல்லும் துணிவு போய்விடுகின்றது. ஆடவர்க்கு இக்குறை பெரும்பாலும் புராஸ்டேட் சுரப்பியில் செய்யப்படும் அறுவை மருத்துவத்தின் பின்விளைவாகவே நேர்கின்றது.

சிறுநீர்க் குழாயைச் சூழ்ந்து இறுக்கிப் பிடிக்கும் சுருக்குத்தசை, புராஸ்டேட் சுரப்பியை அடுத்தே அமைந்துள்ளது. 1904ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், மருத்துவர் ஹியூ ஹாம்ப்டன் யங், புற்றுநோய் கண்ட அச்சுரப்பியை முழுமையாக அகற்றினார். உயிர் காக்கும் வழி பிறந்தது. தசை பழுதுபட்டால் சிறுநீர் கசியும் தொல்லையும் அதனுடன் வந்தது.

இதற்குக் கருவி காண முற்பட்டோருள் முன்னோடி பிரடரிக் போலி. சிறுநீர் வடிக்கும் குழாய்க்குத் தம் பெயரை அளித்த அவரே, 1947இல் சிறுநீர்க் குழாயைச் சுற்றி அணியும், ஊதிப் பெருக்கத்தக்க பட்டை ஒன்றை அறிவித்தார். அது உடலுக்கு வெளியே அணியப்படுவது, எனவே பரவலாகவில்லை. 1961இல் பெர்ரி என்பார் அக்ரிலிக் துண்டு ஒன்றை உள்ளே பொருத்தினார். 1973இல் ஜோசப் காப்மன் சிலிக்கோன் மெத்தையைப் பயன்படுத்தினார். இவ்விரண்டும் குழாயை ஓயாமல் அழுத்தின. இயற்கைத் தசையோ இறுகவும் அறியும், தளரவும் அறியும். அவ்விரண்டையும் செய்யும் கருவியே தேவைப்பட்டது.

அதனை ஆக்கித் தந்தோர் மூவர். ஹூஸ்டன் நகர அறுவை மருத்துவர் பிரான்ட்லி ஸ்காட், மினசோட்டாவைச் சேர்ந்த வில்லியம் பிராட்லி, ஜெரால்டு டிம் ஆகியோர் அவர்கள். 1972இல் அவர்களுடைய கருவி முதன்முதலாக உடலினுள் பொருத்தப்பட்டது. அதில் பட்டையை நிரப்ப ஒரு விசைக்குமிழும், தளர்த்த மற்றொரு குமிழும் இருந்தன. பல திருத்தங்களுக்குப் பின், 1983இல் 'ஏ.எம்.எஸ். 800' என்னும் எளிய வடிவம் வந்தது.

அதன் உறுப்புகள் மூன்றே: குழாயைச் சூழும் பட்டை, விதைப்பையினுள் வைக்கப்படும் விசைக்குமிழ், அடிவயிற்றில் அமரும் அழுத்தக் கோளம். குமிழை அமுக்கினால் பட்டையிலுள்ள நீர் கோளத்திற்குச் செல்லும், சிறுநீர் கழியும். சில நிமிடங்களில் நீர் தானே திரும்பிப் பட்டை மீண்டும் இறுகும். அழுத்தம் மிகுந்தால் இரத்தவோட்டம் தடைப்பட்டுத் திசு நலியும். குறைந்தால் சிறுநீர் கசியும். ஆதலின் பெரும்பாலும் 61 முதல் 70 சென்டிமீட்டர் நீர் அழுத்தமே தெரிந்தெடுக்கப்படுகின்றது.

கசிவு மிகையல்லாதார்க்குக் குழாயைத் தாங்கும் வலைப்பட்டை போதும். இவ்வகையில், மருத்துவர்களான ரேடரும் கோசியும் 2007இல் வெளியிட்ட முறை புகழ் பெற்றது.

இக்கருவிகள் குறையற்றன அல்ல. தொற்று ஏற்படலாம், பட்டை திசுவை அரிக்கலாம், கருவி பழுதுறலாம். ஆண்டுகள் சென்றபின் மறு அறுவை தேவைப்படுவோரும் பலர். குமிழை அமுக்கும் கைத்திறனும் வேண்டும். ஆயினும், இவற்றையெல்லாம் அறிந்தே பலர் இதனை விரும்பி ஏற்றனர்.

நோய் தீர்ப்பதோடு மருத்துவரின் கடமை முடிவதில்லை. பிழைத்தவன் தலைநிமிர்ந்து வாழவும் வழி செய்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மை. வழி பிறந்த பின்னரும் நாணத்தால் வாய்மூடி வாடுவோர் உளர். அவர்கள் மருத்துவரிடம் மனந்திறந்து பேசுதலே நலம் பெறுதற்கு முதற்படியாகும்.