கயிறு பிடித்தவர்கள் – அத்தியாயம் 4: கூட்டம் கலையும் நேரம்

(சென்ற வாரம்: லெஸ்டர் நகரத்து ஏழைப் போதகர் வில்லியம் கேரி 1792 மே மாதம் ஒரு சிறு நூலை அச்சிட்டார். கிறிஸ்துவை அறியாத நாடுகள், அவற்றின் நீள அகலம், மக்கள்தொகை எல்லாவற்றையும் அட்டவணை போட்டுக் காட்டிய நூல். அதே மாதக் கடைசியில் நாட்டிங்காமில் நடந்த பாப்டிஸ்ட் போதகர்கள் மாநாட்டில் பிரசங்கம் செய்யும் முறை அவருக்கு வந்தது. பிரசங்க மேடையில் ஏறினார்...)

1792 மே 30, புதன்கிழமை. ஏசாயா தீர்க்கதரிசியின் 54ஆம் அதிகாரத்திலிருந்து இரண்டு வசனங்களை எடுத்துக்கொண்டார் கேரி. கூடாரத்தை அகலமாக்கு, கயிறுகளை நீட்டு, முளைகளை உறுதிப்படுத்து என்று பேசும் பகுதி அது. கடவுளிடம் பெரிதாக எதிர்பாருங்கள், அவருக்காகப் பெரிதாக முயலுங்கள் என்பதுதான் பிரசங்கத்தின் சாரம். முழுப் பேச்சை யாரும் எழுதி வைக்கவில்லை. கேட்டவர்கள் பின்னாளில் சொன்னதை வைத்துத்தான் நாம் பேசுகிறோம். கூடியிருந்தவர்கள் வாய்விட்டு அழுதிருந்தாலும் வியந்திருக்க மாட்டேன் என்றார் நண்பர் ஜான் ரைலண்ட்.

ஆனால் அழுகை வேறு, தீர்மானம் வேறு.

மறுநாள் காலை நிர்வாகக் கூட்டம். சங்கத்தின் வழக்கமான அலுவல்கள் முடிந்தன. கிறிஸ்துவை அறியாத நாடுகளுக்கு ஆள் அனுப்புவது என்று கேரி கிளப்பிய விஷயத்தைப் பற்றிச் சிறிது பேசினார்கள். நல்ல எண்ணம், பெரிய காரியம், இன்னும் காலம் வரவில்லை. எல்லாரும் கிளம்பத் தயாரானார்கள். கேரி பாய்ந்து வந்து சக போதகர் ஆண்ட்ரூ ஃபுல்லரின் கையைப் பிடித்தார். இந்த முறையும் ஒன்றும் செய்யாமல் கலையப் போகிறோமா என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விக்கு ஃபுல்லர் என்ன பதில் சொன்னார் என்பதைச் சொல்வதற்கு முன், இவர்கள் ஏன் இத்தனை தயங்கினார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

இவர்கள் பியூரிட்டன்களின் பேரப்பிள்ளைகள். இங்கிலாந்து அரசுச் சபையைத் தூய்மைப்படுத்தப் புறப்பட்டு, அது முடியாமல் போகவே வெளியே வந்து தனிச் சபைகளாக நின்றவர்களின் வழிவந்தவர்கள். அதற்கான விலையையும் கொடுத்தவர்கள். பக்கத்து பெட்ஃபோர்டில் ஜான் பன்யன் அனுமதியின்றிப் பிரசங்கித்ததற்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். பன்யன் யார் என்று யோசிப்பவர்களுக்கு: நம் எச்.ஏ. கிருஷ்ணப்பிள்ளை 1894இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிக’த்துக்கு மூலக்கதை கொடுத்தவர் அவர்தான். கேரியின் காலத்தில் சிறை இல்லை. ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டம் இவர்களுக்குக் கிடையாது, அரசுப் பதவி கிடையாது. பெரும்பாலும் சிற்றூர்ப் போதகர்கள். மோல்டனில் இருந்தபோது கேரிக்கு ஊழியத்தால் கிடைத்தது ஆண்டுக்குப் பதினைந்து பவுண்டு அளவில்தான். மிச்சத்துக்குச் செருப்புத் தைத்தார், பள்ளிக்கூடம் நடத்தினார்.

பணம் மட்டுமே தடை என்றால் சிக்கல் பாதிதான். இறையியலும் குறுக்கே நின்றது. தேர்ந்தெடுத்தவர்களைக் கடவுளே அழைத்துக்கொள்வார், நாம் போய் அழைப்பது அதிகப்பிரசங்கித்தனம் என்ற எண்ணம் அந்தச் சபைகளில் ஊறிக் கிடந்தது. கேரி இளைஞனாக இருந்தபோது ஒரு கூட்டத்தில் இந்தப் பேச்சை எடுக்க, மூத்த ரைலண்ட் “உட்கார், இளைஞனே” என்று அதட்டியதாக ஒரு கதை உண்டு. மாநாட்டு மேடைகளில் கைதட்டல் வாங்கும் கதை. ஆனால் அப்படியொன்று நடக்கவே இல்லை என்று மூத்தவரின் மகன், அதாவது மேலே நாம் பார்த்த அதே ஜான் ரைலண்ட், மறுத்திருக்கிறார். மகன் அப்பாவைக் காப்பாற்றுகிறார் என்றும் சொல்லலாம். எனக்கென்னவோ அந்த வசனம் கொஞ்சம் அதிகமாகவே கச்சிதமாக இருக்கிறது. வாசலிலேயே நிறுத்தி வைப்போம்.

அதட்டலைவிடச் சுவையானது ஒரு தபால். 1784 ஏப்ரலில் ஸ்காட்லாந்திலிருந்து ஜான் எர்ஸ்கின் என்ற போதகர் இளைய ரைலண்டுக்குச் சில நூல்களை அனுப்பினார். அவற்றில் ஒன்று, அமெரிக்காவின் நியூ இங்கிலாந்தில் பியூரிட்டன் மரபின் கடைசிப் பெருந்தலையாக இருந்த ஜொனதன் எட்வர்ட்ஸ் எழுதியது. உலகமெங்கும் சமய எழுச்சி வேண்டிச் சபைகள் ஒன்றுகூடி ஜெபிக்க வேண்டும் என்பது அந்த நூலின் அழைப்பு. எட்வர்ட்ஸ் இறந்து இருபத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ரைலண்ட் படித்தார், ஃபுல்லருக்கும் ஜான் சட்கிளிஃபுக்கும் கொடுத்தார். அந்த ஆண்டே, இதே நாட்டிங்காமில் கூடிய சங்கத்தில் சட்கிளிஃப் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: மாதத்தின் முதல் திங்கள்கிழமை மாலையில் ஒரு மணி நேரம் எல்லாச் சபைகளிலும் ஜெபம். மறு ஆண்டே ஃபுல்லர் ஒரு நூல் வெளியிட்டு, சுவிசேஷத்தை எல்லாரிடமும் சொல்லியாக வேண்டும் என்று பழைய எண்ணத்தின் அடித்தளத்தை ஆட்டினார்.

எட்டு ஆண்டுகளாக மாதந்தோறும் ஜெபித்தவர்கள்தாம் இப்போது கலைந்துபோகப் பார்த்தார்கள். கேரிக்கு ஏன் பொறுமை போயிற்று என்று இப்போது புரிகிறதல்லவா?

ஃபுல்லர் திரும்பி வந்தார். ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். பெரிதாக ஒன்றுமில்லை: அடுத்து கெட்டரிங்கில் கூடும்போது, மிஷன் சங்கம் ஒன்றை அமைப்பதற்கான திட்டம் தயாராக இருக்க வேண்டும். அவ்வளவுதான். நிறைவேறியது.

இந்த இடத்தில் ஒரு நிமிடம் புனேவுக்கு வந்துவிடுவோம். அதே வாரங்களில் வடக்கிலிருந்து மராட்டியத் தளபதி மகாத்ஜி ஷிந்தே படை பரிவாரத்துடன் புனேவை நோக்கி வந்துகொண்டிருந்தார். ஜூன் மாதம் பேஷ்வா சவாய் மாதவராவுக்கு டில்லி பாதுஷா கொடுத்த பட்டத்தைச் சூட்டும் பெரும் தர்பார் நடந்தது. பேஷ்வாவின் அமைச்சர் நானா ஃபட்னவிஸ் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவோடு உடன்படிக்கை முடிந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. இந்தியாவின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் ஊர் எது என்று அன்று கேட்டிருந்தால் புனே என்று சொல்லியிருப்பார்கள். நாட்டிங்காம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மகாத்ஜி அடுத்த இரண்டாண்டுக்குள், 1794 பிப்ரவரியில், இங்கேயே இறந்தார். புனேவின் கோந்த்வாவிலிருந்து வானவடிப் பக்கம் போனால் அவருடைய நினைவிடமான ஷிந்தே சத்ரி இன்றும் நிற்கிறது.

இந்தத் தொடரைக் கோந்த்வாவிலிருந்து தொடங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை ஒட்டிய பிப்வேவாடியில் யூனியன் பிப்ளிக்கல் செமினரி இருக்கிறது. 1953இல் விதர்பாவின் யவத்மாலில் தொடங்கி, 1983இல் புனேவுக்குக் குடிபெயர்ந்த இறையியல் கல்லூரி. திருச்சபை வரலாறு படிக்கும் மாணவர் எவரும் கேரி ஃபுல்லரின் கையைப் பிடித்த அந்தக் காட்சியைத் தாண்டிப் போக முடியாது. பாப்டிஸ்ட் வரலாற்று மாநாடுகளில் மேடைக்குப் பின்னால் பெரிய எழுத்தில் தொங்குவது புதன்கிழமைப் பிரசங்கத்தின் சாரம்தான். என் கணக்கில் வியாழக்கிழமைதான் முக்கியம். அன்று ஃபுல்லர் கையை உதறிவிட்டு வண்டி ஏறியிருந்தால், 1805இல் வங்காளத்துச் செராம்பூரில் மராத்தி இலக்கணம் அச்சாகியிருக்காது. பேஷ்வா தஃப்தரின் கணக்குப்பிள்ளைகள் எழுதிய அதே மோடி எழுத்தில் 1810இல் மராத்தி அகராதி வந்திருக்காது. இரண்டுமே கேரியின் பெயரில் வந்தவை. கேரியோ புனேவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை!

மராத்தி அவர் நாவில் எப்படி ஏறியது, பண்டிதர் வைத்தியநாதர் யார் என்பதெல்லாம் பின்னால் வரும். இப்போது கெட்டரிங்.

1792 அக்டோபர் 2, செவ்வாய். பகலில் பிரசங்கங்கள் முடிந்தன. மாலையில் மார்த்தா வாலிஸ் என்ற விதவைப் பெண்மணியின் வீட்டுப் பின்கட்டு அறையில் போதகர்கள் பன்னிரண்டு பேரும், ஒரு மாணவரும், ஒரு டீக்கனும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். மறுபடியும் அதே தயக்கம். யாரை அனுப்புவது? எங்கே? எந்தப் பணத்தில்? கேரி தன் பையிலிருந்து ஒரு மிஷன் அறிக்கை இதழை எடுத்துக் காட்டினார். மொரேவியச் சபையார் ஏற்கெனவே கடல் கடந்து போய்ச் செய்துகொண்டிருக்கிறார்களே, நம்மால் ஏன் முடியாது?

அந்த இரவில் சங்கம் பிறந்தது. ஒவ்வொருவரும் தன்னால் இயன்றதைத் துண்டுச்சீட்டில் எழுதினார். ஃபுல்லரின் மூக்குப்பொடி டப்பாதான் உண்டியல். மூடியில் புனித பவுல் மனம் திரும்பிய காட்சி பொறித்திருந்த டப்பா. கூட்டிப் பார்த்தால் 13 பவுண்டு, 2 ஷில்லிங், 6 பென்ஸ். அதுவும் வாக்குறுதிதான், ரொக்கமில்லை. கேரியிடம் கொடுக்கப் பணமில்லை. தன் நூல் விற்றால் வரும் லாபத்தை எழுதிக் கொடுத்தார். உலகத்தை மாற்றக் கிளம்பிய சங்கத்தின் முதல் மூலதனம் இது. அந்த மாதக் கடைசியிலேயே பர்மிங்காமின் சாமுவேல் பியர்ஸ் தன் சபையாரிடம் திரட்டிய 70 பவுண்டோடு வந்து நின்றார். டப்பா கொஞ்சம் கனத்தது.

எங்கே போவது? கேரியின் மனதில் இருந்தது தாஹித்தித் தீவு. கேப்டன் குக்கின் கடற்பயண நூல்களைப் படித்த பாதிப்பு. இல்லையென்றால் மேற்கு ஆப்பிரிக்கா. இந்தியா பட்டியலிலேயே இல்லை. அதைக் கொண்டுவந்தவர் ஜான் தாமஸ் என்ற கப்பல் மருத்துவர். வங்காளத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்து வங்காளி பேசப் பழகியவர். உணர்ச்சிவசப்படுபவர், நல்ல மனசுக்காரர், போகுமிடமெல்லாம் கடன் வைப்பவர். 1793 ஜனவரி 9 அன்று கெட்டரிங்கில் குழு கூடியிருந்தபோது, காலில் அடிபட்டுத் தாமதமாகிய தாமஸ் சாயங்காலம் உள்ளே நுழைந்தார். கேரி எழுந்து ஓடிப்போய்க் கட்டிக்கொண்டார். இருவர் கண்ணிலும் நீர். போவது இந்தியாவுக்கு என்று அன்றே முடிவாயிற்று. சுரங்கத்துக்குள் நான் இறங்குகிறேன், மேலே நீங்கள் கயிற்றை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்று நண்பர்களிடம் கேரி கேட்டுக்கொண்டார்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கேரியின் மனைவி டாரதி எழுதப் படிக்கத் தெரியாதவர். திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக்குறி இட்டவர். பிறந்த மாவட்டத்தையும் லெஸ்டரையும் தவிர வேறு உலகம் பார்த்ததில்லை. குழந்தைகளைப் பறிகொடுத்த தாய். இப்போது மூன்று ஆண் பிள்ளைகள், வயிற்றில் ஒன்று. வர முடியாது என்றார். கேரியைப் போற்றும் நூல்கள் பல, இந்த இடத்தில் அவரை ஏதோ பிடிவாதக்காரி போலக் காட்டிவிட்டு நகர்ந்துவிடும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்தக் கூட்டங்கள் எதிலும் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே!

கேரி மூத்த மகன் ஃபீலிக்ஸை மட்டும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார். ஏப்ரலில் ‘ஏர்ல் ஆஃப் ஆக்ஸ்ஃபோர்டு’ கப்பலில் ஏறினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் உரிமம் இல்லாமல்! கம்பெனி மிஷனரிகளுக்கு உரிமம் தருவதில்லை. வியாபாரத்துக்கு ஆகாது என்ற பயம். பிரான்சோடு போர் மூண்டிருந்ததால், துணைக் கப்பல்கள் சேரும்வரை வைட் தீவருகே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அங்கே இருக்கும்போது கேரிக்குக் கடிதம் வந்தது: ஆண் குழந்தை, தாயும் சேயும் நலம்.

கப்பல் தலைவருக்கும் ஒரு கடிதம் வந்தது. அதில் எழுதியவர் பெயரில்லை. உரிமமில்லாத ஒருவரை ஏற்றிச் செல்கிறீர்கள், உங்கள்மேல் புகார் போகப்போகிறது. தாமஸின் கடன்காரர்களில் ஒருவர் வேலையாக இருக்கலாம். தலைவர் யோசிக்கவே இல்லை. கேரியும் ஃபீலிக்ஸும் தாமஸும் மூட்டை முடிச்சுகளோடு கரையில் இறக்கப்பட்டார்கள். கப்பல் பின்னர் பாய் விரித்துப் போனபோது தாமஸின் மனைவியும் மகளும் அதில் இருந்தார்கள்.

லண்டனுக்குத் திரும்பிய தாமஸ் ஒரு காபிக் கடையில் விசாரித்தார். வேறு நாட்டுக் கப்பல் ஏதாவது வங்காளத்துக்குப் போகிறதா? பணியாள் ஒரு சீட்டை நீட்டினார். டென்மார்க் கப்பல் ஒன்று, விவரத்துக்கு: 10, கேனன் தெரு. டேனிஷ் கப்பலுக்கு ஆங்கிலக் கம்பெனியின் உரிமம் தேவையில்லை! ஆனால் அது எந்த நாளும் டோவரைக் கடந்துவிடலாம்.

கட்டணத்துக்குப் பணம் புரட்டக் கேரியும் தாமஸும் இரவோடு இரவாக நார்தாம்ப்டன் பக்கம் பயணம் செய்தார்கள். விடிந்ததும் நேரே டாரதியின் வீடு. கைக்குழந்தைக்குச் சில வாரங்களே ஆகியிருந்தன. காலையுணவு போட்டார் டாரதி. கேரி மறுபடி கேட்டார். டாரதி மறுபடி முடியாது என்றார். இருவரும் கிளம்பி நடந்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் தாமஸ் நின்றார். நான் திரும்பிப் போகிறேன் என்றார். பயனில்லை, விடுங்கள் என்றார் கேரி. தாமஸ் கேட்கவில்லை. வேகமாக வந்து டாரதியின் முன் நின்றார். இந்தக் குடும்பம் இன்றோடு இரண்டாகப் பிரிந்துவிடும், நீங்கள் ஆயுள் முழுக்க வருந்துவீர்கள் என்றார்.

டாரதி கலங்கினார். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். தங்கை கிட்டி கூட வந்தால் வருகிறேன்.

எல்லாரும் கிட்டியைப் பார்த்தார்கள். திருமணமாகாத அந்தப் பெண்ணிடம் இந்தியாவைப் பற்றி அதுவரை யாரும் பேசியதே இல்லை. கொஞ்சம் ஜெபித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, கிட்டி உள்ளே போனாள்.

(தொடரும்)