இதழுக்கு ஆய்வுக் கட்டுரை அனுப்பப் போறீங்களா? கொடைக்கானல் எவர்ஷெட் காட்டிய வழி!

சூரியப் புள்ளிகளில் வாயு சுழல்கிறதா? 1909 ஜனவரியில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட் தேடியது இதைத்தான். ஆனால் நிறமாலைப் படங்களில் தெரிந்ததோ வேறு. வாயு மையத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்ந்தது!

இதை மற்ற விஞ்ஞானிகளை நம்ப வைக்கிறது லேசான காரியமா? கோடுகளின் விலகல் சூரிய வட்டின் விளிம்பருகே அதிகம், நடுவில் கிட்டத்தட்ட இல்லை. கிடைமட்ட ஓட்டம் என்றால் அப்படித்தான் தெரியும். அவரது வாதத்தின் முதுகெலும்பே இதுதான். எதிர்பார்த்ததை அல்ல, படம் காட்டியதை எழுதினார்.

முடிவுகள் அதே ஆண்டு ஆய்வகத்தின் புல்லட்டினிலும், லண்டன் ராயல் வானியல் கழக இதழிலும் வந்தன. இப்போ ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் ரெண்டு இதழுக்கு அனுப்பினா நிராகரிப்புதான். இதழின் விதிமுறை, சொல் வரம்பு, இணை ஆசிரியர்களின் சம்மதம் எல்லாத்தையும் முதலிலேயே பார்த்துடுங்க.