ஓட்ட வீரர்களுக்கான ஒளிச் சிகிச்சை

ஓட்ட வீரர்களுக்கான ஒளிச் சிகிச்சை என்பது, குறைந்த ஆற்றலுடைய சிவப்பு ஒளியையோ அண்மை அகச்சிவப்பு ஒளியையோ கால் தசைகளின் மீது பாய்ச்சி, அவற்றின் செயல்திறனையும் களைப்பிலிருந்து மீளும் திறனையும் கூட்ட முயலும் ஒரு முறை ஆகும். லேசர் எனப்படும் சீரொளிக் கருவிகளும் எல்இடி விளக்குகளும் இதற்குப் பயன்படுகின்றன. தசையைச் சூடேற்றுவது இதன் நோக்கமன்று. எனவே வெப்ப ஒத்தடத்துடன் இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது.

வரலாறு

ஒளியை மருந்தாகக் கையாண்ட முன்னோடிகளுள் ஒருவர் நீல்சு பின்சன். தோல் காசநோய்க்கு ஒளியால் சிகிச்சை அளித்தமைக்காக இவருக்கு 1903 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இன்றைய முறையின் தொடக்கம் 1960களில் அங்கேரி நாட்டில் நிகழ்ந்தது. புடாபெசுட்டு நகர மருத்துவரான எண்ட்ரே மெசுட்டர், மயிர் மழிக்கப்பட்ட எலிகள் மீது குறைந்த ஆற்றலுடைய ரூபி சீரொளியைப் பாய்ச்சியபோது, அவ்விடங்களில் மயிர் விரைவாக வளர்வதைக் கண்டார். அதன்பின் ஆறாத புண்களுக்கு இம்முறை பயன்படுத்தப்பட்டது. விளையாட்டு வீரர்களின் தசைகள் பற்றிய ஆய்வுகள் 2000களின் பிற்பகுதியில் பெரும்பாலும் பிரேசில் நாட்டில் பெருகின.

செயற்படும் விதம்

உயிரணுக்களில் உள்ள இழைமணிகள் ஆக்சிசனைக் கொண்டு ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூற்றை உருவாக்குகின்றன. இதன் இறுதிக் கட்டத்தில் பங்குகொள்ளும் சைட்டோகுரோம் சி ஆக்சிடேசு என்ற நொதி சிவப்பு, அண்மை அகச்சிவப்பு ஒளிகளை உறிஞ்சவல்லது. இந்நொதியுடன் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கும் நைத்திரிக் ஆக்சைடை ஒளி விடுவிக்கிறது என்றும், அதனால் ஏடிபி உற்பத்தி கூடுகிறது என்றும் ஒரு கருதுகோள் உண்டு. இது பரவலாக எடுத்தாளப்பட்டாலும் முழுமையாக நிறுவப்பட்டதன்று.

தோலும் அதன் அடியிலுள்ள கொழுப்பும் ஒளியின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகின்றன. ஆழமான தொடைத் தசைகளைச் சென்றடைவது சிறு பங்கே. 810 நானோமீட்டர் போன்ற அகச்சிவப்பு அலைநீளங்கள் சிவப்பு ஒளியைவிட ஆழமாக ஊடுருவும் என்பதால் தசைகளுக்கு அவை விரும்பப்படுகின்றன.

ஓட்டம் குறித்த ஆய்வுகள்

2012 இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெறாத 22 ஆண்கள், வேகம் படிப்படியாகக் கூட்டப்பட்ட ஓடுபொறியில் (டிரெட்மில்) களைப்படையும்வரை ஓடினர். ஓட்டத்திற்கு முன் உண்மையான சீரொளி பெற்றபோது, போலி ஒளி பெற்றபோது ஓடியதைவிடக் கூடுதல் நேரம் ஓடினர். உச்ச ஆக்சிசன் நுகர்வும் உயர்ந்தது. மாறாக, 2016 இல் வெளியான ஆய்வொன்றில், எல்இடி ஒளி பெற்றவர்கள் கடும் வேக ஓட்டத்தில் தாக்குப்பிடித்த நேரம் மாறவில்லை. 5 கிலோமீட்டர் ஓட்டம் பற்றிய 2019 ஆம் ஆண்டு ஆய்விலும், பயிற்சியால் இரு குழுவினரும் முன்னேறினரேயன்றி, ஒளியால் மேலதிகப் பயன் கிட்டவில்லை.

இங்கு ஒரு வேறுபாடு கவனிக்கத்தக்கது. குறிப்பிட்ட வேகத்தில் ஓடுவதற்கு உடல் செலவிடும் ஆக்சிசனின் அளவே ஓட்டச் சிக்கனம் எனப்படுகிறது. கூடுதல் நேரம் ஓடியதனால் மட்டும் தசை சிக்கனமாக இயங்கியதாகக் கொள்ள இயலாது. விற்பனை விளம்பரங்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவதுண்டு. பயிற்சியற்றவர்களிடம் கண்ட முடிவைத் தேர்ந்த வீரர்களுக்கு அப்படியே பொருத்துவதும் சரியன்று.

அளவும் நேரமும்

ஒளி கூடினால் பயனும் கூடும் என்பதில்லை. மிகக் குறைந்த அளவு பயன் தராது. மிகுந்த அளவு பயனைக் குறைத்துவிடவும் கூடும். 2019 இல் இத்துறை ஆய்வாளர்கள் சிலர் வெளியிட்ட பரிந்துரை, பெரிய தசைத்தொகுதிகளுக்கு 60 முதல் 300 யூல் வரையிலும், சிறியவற்றுக்கு 20 முதல் 60 யூல் வரையிலும் குறிப்பிடுகிறது. ஓட்டத்திற்கு 5 நிமிடம் முதல் 6 மணி நேரம் முன்பாக ஒளியைப் பாய்ச்ச வேண்டும் என்பதும் அதில் அடங்கும். வெவ்வேறு ஆய்வுகள் வெவ்வேறு அளவுகளைக் கையாண்டமை, முடிவுகள் முரண்படுவதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

பாதுகாப்பு

கடுமையான பக்கவிளைவுகள் அரிது. ஆயினும் சீரொளி விழித்திரையைச் சேதப்படுத்தக் கூடும். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாததால் இமைகள் தாமாக மூடிக்கொள்வதில்லை. ஆகவே சீரொளிக் கருவிகளைப் பயன்படுத்தும்போது அந்தந்த அலைநீளத்திற்குரிய காப்புக் கண்ணாடி அணிதல் வேண்டும்.