கிட்ட வந்த நாற்காலி: திருகோணமலையில் பொதுச் சுகாதாரமும் பொறுப்புக்கூறலும்

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையில் 'பொறுப்புக்கூறல்' என்ற சொல்லைக் கண்டதும் வாசகருக்கு ஜெனீவாதான் ஞாபகம் வரும். போர்க்கால மீறல்களோடு அந்தச் சொல் அவ்வளவு இறுகிப் போய்விட்டது. விடியற்காலையிலேயே கிளினிக் கொப்பியோடு வந்து வரிசையில் நின்று, மதியம் நெருங்கும்போது மருந்து யன்னலில் "இது இல்லை, வெளியில வாங்குங்கோ" என்று ஒரு துண்டை வாங்கிக்கொண்டு திரும்பும் நீரிழிவு நோயாளியின் மனதில் ஓடுவதும் அதே கேள்விதான்: இதுக்கு ஆர் பொறுப்பு? இக்கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியின் வரலாற்றைத் திருகோணமலை மாவட்டத்தில் வைத்துத் தேடுகிறது. இரண்டு நூற்றாண்டுகளில், சுகாதாரத்துக்குப் பதில் சொல்லவேண்டிய நாற்காலி லண்டனிலிருந்து கொழும்புக்கும், கொழும்பிலிருந்து திருகோணமலை நகருக்குமாக மக்களுக்குக் கிட்டக் கிட்ட வந்திருக்கிறது. கிட்ட வந்த பிறகு பெரும்பாலான காலம் அதில் ஆளில்லை என்பதே என் வாதம்.

துறைமுகத்தின் காய்ச்சல், கிராமத்தின் காய்ச்சல்

1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் திருகோணமலையைக் கைப்பற்றியபோது அவர்களுக்கு வேண்டியிருந்தது துறைமுகம். துறைமுகத்தோடு காய்ச்சலும் சேர்ந்து வந்தது. பிரித்தானியப் படையினரிடையே இவ்வூருக்கு நோய்க்களம் என்ற பெயர் இருந்தது. இங்கே கவனிக்கவேண்டியது, எந்தச் சாவு எண்ணப்பட்டது என்பது. படைச் சிப்பாயின் சாவு ஓர் ஏட்டில் ஏறியது. அந்த ஏடு லண்டன் வரை போனது. இலங்கையில் படை மருத்துவராக இருந்த ஹென்றி மார்ஷல் 1821 இல் இத்தீவின் உட்பகுதியின் மருத்துவ நிலைமை பற்றி நூல் எழுதினார். பின்னாளில் டல்லொக் என்ற அதிகாரியுடன் சேர்ந்து பேரரசுப் படையினரின் நோய், சாவுக் கணக்குகளைத் தொகுக்கும் பணியிலும் ஈடுபட்டார். ஒரு படைத்தளத்தில் சாவு கூடினால் ஏன் என்று கேட்க லண்டனில் ஆள் இருந்தது.

கொட்டியாரத்திலோ தம்பலகாமத்திலோ காய்ச்சலில் போன உழவனுக்கு அந்த ஏட்டில் இடமில்லை. குடிமக்களுக்கான மருத்துவத் திணைக்களம் 1858 இல்தான் வந்தது. பிறப்பு, இறப்புப் பதிவு 1867 இல் கட்டாயமானது. தூர்ந்துபோன குளங்களை அண்டிய வறண்ட வலயக் கிராமங்களை அரித்த பறங்கி நோய் பற்றிப் பிரதம மருத்துவ அதிகாரி கின்சி 1881 இல் அறிக்கை எழுதினார். அறிக்கை எழுதுவதும் பதில் சொல்வதும் ஒன்றல்ல. அறிக்கையை வாசிப்பவரைப் பதவியிலிருந்து இறக்கும் வல்லமை அந்தக் கிராமத்தவருக்கு இருக்கவில்லை.

1934: காய்ச்சல் வாக்கானது

அந்த வல்லமை 1931 இல் டொனமூர் யாப்பின் சர்வசன வாக்குரிமையோடு வந்தது. அதன் முதல் பெரிய பரீட்சை மூன்றே வருடத்தில் வந்துவிட்டது. 1934 இன் கடைசியில் தொடங்கிய மலேரியாக் கொள்ளைநோய் சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. கேகாலை, குருநாகல் பக்கமே அது மிகக் கடுமையாக அடித்தது. மருத்துவ, சுகாதாரப் பணிப்பாளர் பிரியர்கிளிஃப் அடுத்த வருடமே அமர்வுப் பத்திரமாக அறிக்கை வெளியிட்டார். கொயினாவும் மாவும் சுமந்துகொண்டு அக்கிராமங்களுக்குள் நடந்த சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான என்.எம். பெரேரா 1936 இல் ருவன்வெல்லயில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். இலங்கையில் ஒரு காய்ச்சல் வாக்காக மாறியது அப்போதுதான்.

திருகோணமலை இந்தக் கதைக்கு வெளியே நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. வறண்ட வலயத்தில் மலேரியா கொள்ளைநோயாக வரவில்லை. அது ஆண்டுதோறும் வீட்டோடு இருந்தது. சிறுவயதிலேயே மண்ணீரல் வீங்கி, அதோடு வளர்ந்தவர்களின் உடம்பில் ஓரளவு எதிர்ப்புச் சக்தியும் இருந்தது. திடீரென வந்த சாவு செய்தியானது. வழக்கமான சாவு வழக்கமாகவே இருந்தது. பொறுப்புக்கூறலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இது. கூக்குரல் கேட்ட இடத்தில்தான் அரசு குனிந்தது. கூக்குரலே எழாத அளவுக்கு நோய் பழகிப்போன இடத்தை எவரும் கணக்கில் எடுக்கவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடு முழுவதும் வீடுகளுக்கு டி.டி.டி. அடித்தார்கள். 1963 இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வென்றுவிட்டோம் என்று தெளிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தியதும் 1969 இல் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. அந்தத் தளர்வுக்குப் பதில் சொன்னவர் எவரும் இல்லை. 2016 செப்டெம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் மலேரியா அற்ற நாடு என்று சான்று கொடுத்தபோது மட்டும் பெருமையை ஏற்றுக்கொள்ளப் பலர் நின்றார்கள்.

'பாதை'யும் 'தரமுயர்த்தலும்'

சுதந்திரத்துக்குப் பிந்திய இருபது, முப்பது வருடங்களில் சுகாதாரத்துக்குப் பதில் சொல்லும் ஆள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர்தான். 1951 இல் அரச வைத்தியசாலைக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. 1971 இல் வெளிநோயாளரிடம் 25 சதம் வாங்கத் தொடங்கியது பெரும் அரசியல் பிரச்சினையானது. 1977 இல் அதுவும் போயிற்று. வைத்தியசாலை கேட்பதும், இருப்பதைத் தரமுயர்த்தக் கேட்பதும், ஆளணி கேட்பதும் தேர்தல் மேடையின் அன்றாடப் பேச்சாயின. 1952 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுகாதார சேவைகள் சட்டம் வைத்தியசாலைகளுக்குக் குழுக்களை அமைக்க ஏற்பாடு செய்திருந்தது. ஊரவர் உட்கார்ந்து கேள்வி கேட்கக்கூடிய ஒரு மேசை சட்டத்திலேயே இருந்தது என்பது பலருக்கு இன்றும் புதினமாக இருக்கும். நடைமுறையில் அந்த மேசை கட்டில் மெத்தைக்கும் மின்விசிறிக்கும் நன்கொடை சேர்க்கும் இடமாகச் சுருங்கியது. இன்றைய வைத்தியசாலை அபிவிருத்திக் குழுக்களிடமும் அந்தச் சாயல் போகவில்லை.

திருகோணமலையின் நிலவியல் இந்த அரசியலுக்கு ஒரு தனிக் கணக்கைச் சேர்த்தது. மூதூரிலிருந்து நகருக்கு வரவேண்டுமானால் கொட்டியாரக் குடாவைத் தோணியிலோ லோஞ்சிலோ கடக்கவேண்டியிருந்தது. தரைவழியே வந்தால் களப்பு வாய்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டவேண்டியிருந்தது. கிண்ணியாவுக்கும் நகருக்கும் நடுவே நீர். அந்த நீரைக் கடத்திய மிதவைக்கு இங்கே பேர் 'பாதை'. பாதை அக்கரையில் நிற்கும்போது இக்கரையில் பிரசவ வலி தொடங்கினால், வைத்தியசாலையின் தரம் எதுவென்பது அந்தப் பெண்ணுக்குப் பயனில்லாத கேள்வி. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டது. சுகாதார வரலாற்றை எழுதுகிறவர்கள் பாலத்தை வீதி அபிவிருத்தி அத்தியாயத்தில் போட்டுவிடுகிறார்கள். என் கணக்கில் அது தாய்சேய் நல அத்தியாயத்தில் வரவேண்டியது.

தரமுயர்த்தல் அரசியலுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் கணிசமாக வாழும் மாவட்டம் இது. எந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு ஆதார வைத்தியசாலைத் தரம் என்ற கேள்வி மெல்ல மெல்ல எந்தச் சமூகத்து உறுப்பினருக்கு வெற்றி என்ற கேள்வியாகியது. பலகை மாறியதைக் கொண்டாடினோம். பலகைக்குப் பின்னால் மயக்க மருந்து நிபுணர் இருக்கிறாரா என்று பார்க்கவில்லை.

மாகாணம்: பதினோரு வருடக் கணக்கு

1987 இன் 13 ஆம் திருத்தம் சுகாதாரத்தின் பெரும்பகுதியை மாகாணத்திடம் கொடுத்தது. போதனா வைத்தியசாலைகளும் சில சிறப்பு நிலையங்களும் மத்தியிடம் நின்றன. தாளில் பார்த்தால் திருகோணமலைக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வரமுடியாது. அப்போது இணைந்திருந்த வடக்கு கிழக்கின் தலைநகரே இதுதான். மாகாண சுகாதாரப் பணிப்பாளரின் அலுவலகத்துக்கு மகஜர் கொடுக்க ஆட்டோவிலேயே போகலாம்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். இணைந்த மாகாண சபைக்கு 1988 நவம்பரில் தேர்தல் நடந்தது. 1990 இல் சபை கலைந்தது. பிறகு பதினாறு வருடங்களுக்கு மேல் ஆளுநர் ஆட்சி. 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. கிழக்குக்குத் தனியாக 2008 மே மாதம் முதல் தேர்தல். 2012 செப்டெம்பரில் இரண்டாவது. 2017 செப்டெம்பர் 30 உடன் அந்தச் சபையின் காலம் முடிந்தது. அதே வருடம் தேர்தல் முறையை மாற்றச் சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்தது. தேர்தல் அந்தச் சிக்கலில் நின்றுபோயிற்று. எல்லாவற்றையும் கூட்டினால், மாகாண சபை என்ற ஏற்பாடு வந்த பிறகான முப்பத்தைந்துக்கும் மேற்பட்ட வருடங்களில் இம்மாவட்டத்துச் சுகாதாரத்துக்குத் தெரிவுசெய்யப்பட்ட ஒரு மாகாண அமைச்சர் இருந்த காலம் ஏறத்தாழ பதினோரு வருடம். 2020 இன் கொரோனாவும் 2022 இன் மருந்துத் தட்டுப்பாடும் நாற்காலி வெறுமையாக இருந்த காலத்திலேயே வந்தன. உள்ளூராட்சி சபைகளும் 2023 மார்ச்சில் கலைந்து 2025 மே தேர்தல் வரை இல்லாமலிருந்தன. அந்த இரண்டு வருடமும் கானில் தேங்கிய தண்ணீருக்கு வட்டாரத்தில்கூட ஒரு உறுப்பினரைப் பிடித்துக் கேட்க வழியில்லை.

போர் வேறொரு வெறுமையை உண்டாக்கியது. சுனாமி ஏற்கெனவே கிண்ணியா வைத்தியசாலையையே அழித்துப் போட்டிருந்தது. அதில் பாதிக்கப்பட்ட மக்களுக்குக் குடிநீரும் மலசல வசதியும் ஏற்பாடு செய்துகொண்டிருந்த பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான பசிக்கெதிரான செயற்பாட்டின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் 2006 ஓகஸ்டில் மூதூரில் கொல்லப்பட்டார்கள். ஜனாதிபதி ஆணைக்குழு விசாரித்தது. அறிக்கை 2015 இல்தான் வெளியானது. எவரும் தண்டிக்கப்படவில்லை. இச்சம்பவம் மனித உரிமை ஏடுகளில் நிறைய இருக்கிறது. கிணறு இறைத்து, குளோரின் போட்டு, கழிப்பறை கட்டியவர்கள் என்ற வகையில் சுகாதார வரலாற்று ஏடுகளிலும் அவர்கள் இருக்கவேண்டும்.

சிரட்டைக்குச் சட்டம்

2017 இல் இலங்கை அதுவரை காணாத டெங்குப் பரவல்: 1,86,101 நோயாளர், 440 மரணம். வருடத் தொடக்கத்திலேயே அடி வாங்கிய இடங்களில் ஒன்று கிண்ணியா. மார்ச்சில் அங்கே பாடசாலைகளைச் சில நாள் மூடவேண்டி வந்தது. பி.எச்.ஐ. மார், அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், வீடுவீடாக ஏறி இறங்கினார்கள். கிணற்றுக்குள் டோர்ச் அடித்துப் பார்ப்பது, குளியலறைச் சீமெந்துத் தொட்டியின் ஓரத்தை விரலால் வழிப்பது, வேலியோரத்துச் சிரட்டையைக் காலால் புரட்டுவது. குடம்பி கண்டால் 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின் கீழ் வீட்டுக்காரருக்கு வழக்கு.

சிரட்டைக்குள் தேங்கிய ஒரு கரண்டி தண்ணீருக்காக அரசு ஒரு குடும்பத்தை நீதவான் முன் நிறுத்தலாம். குப்பை அள்ள வராத சபையை, நிரப்பப்படாத வைத்தியர் வெற்றிடத்தை, அதே குடும்பம் எங்கே நிறுத்துவது? அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் சுகாதார உரிமை இல்லை. வாழ்க்கைத்தரம் பற்றிய கொள்கைத் தத்துவங்கள் நீதிமன்றில் கோரக்கூடியவை அல்ல. வேறோர் உரிமையின் பேரில் உயர் நீதிமன்றம் போவதானாலும் ஒரு மாதத்துக்குள் போகவேண்டும், அதுவும் கொழும்புக்கு. எஞ்சுவது மகஜர், வைத்தியசாலை வாசலில் கவனயீர்ப்புப் போராட்டம், ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வி. அக்கேள்விக்கு மாகாண அதிகாரி மத்தியைக் காட்டுவார், மத்தி மாகாணத்தைக் காட்டும்.

நியாயமாக ஒன்றைச் சொல்லவேண்டும்: பதில் சொல்லும் பழக்கம் இத்துறைக்கு அடியோடு இல்லை என்பது சரியல்ல. 1985 முதல் இலங்கையில் ஒவ்வொரு தாய் மரணமும் கட்டாயம் அறிவிக்கப்படவேண்டும். சுகாதார வைத்திய அதிகாரியும் குடும்பநல உத்தியோகத்தரும் அந்தத் தாயின் வீட்டுக்கே போய், எப்போது வலி வந்தது, எந்த வாகனம் கிடைத்தது, எவ்வளவு நேரம் பிந்தியது என்று மணிக்கணக்காகக் குறிப்பார்கள். அது வைத்தியசாலை, மாவட்டம், தேசியம் என்று மட்டம் மட்டமாக அலசப்படும். தண்டிப்பதற்கல்ல, கண்டுபிடிப்பதற்கு என்பதால்தான் தாதியரும் வைத்தியரும் அங்கே வாய்திறக்கிறார்கள். உலகமே மெச்சும் ஏற்பாடு, மெச்சத்தக்கதும்தான். ஆனால் அந்தக் கண்டுபிடிப்பு மேல்நோக்கி மட்டுமே பயணிக்கிறது. ஆளோடிக்கு வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போனவர்கள், என்ன முடிவு கண்டார்கள் என்று சொல்ல அந்த வீட்டுக்குத் திரும்பி வருவதற்கு முறை எதுவும் வகுக்கப்படவில்லை.

திரும்பி வரும் வழி ஒன்றை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் திறந்தது. அது 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. மாகாண சபை அதே வருடம் காலாவதியானது என்பதை யோசித்தால், ஒரு கதவு சாத்தப்பட்ட வருடத்தில் ஒரு யன்னல் திறந்திருக்கிறது. தமிழிலேயே விண்ணப்பிக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்லவேண்டும். எந்த மருந்து எந்தத் திகதியிலிருந்து இருப்பில் இல்லை, எத்தனை ஆளணி வெற்றிடம், பழுதான இயந்திரத்துக்கு எப்போது கடிதம் போனது என்றெல்லாம் கேட்கலாம். இச்சட்டத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு வாசகம் இருக்கிறது: கோரும் தகவல் ஒரு பிரசையின் உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் சம்பந்தப்பட்டதானால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தரவேண்டும். சிறைக்கூடங்களை மனதில் வைத்து வாசிக்கப்படும் வாசகம் அது. இன்சுலின் இருப்பைப் பற்றிய கேள்வியை அந்த வாசகத்துக்குள் அடக்கலாமா என்பது சட்டத்துறையினர் வாதிட்டுப் பார்க்கவேண்டிய விடயம்.

வாதிடுவதற்குச் சான்று வேண்டும். மருந்து யன்னலில் கொடுக்கும் துண்டு, மருந்து இல்லை என்று அரசே தன் கையால் எழுதிக் கொடுக்கும் எழுத்து. அதில் பெரும்பாலும் திகதி இல்லை, முத்திரை இல்லை. மருந்தின் பெயரும் மில்லிகிராம் அளவும் மட்டும். நோயாளி அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு தெருவைக் கடந்து மருந்துக்கடையில் நீட்டுகிறார். கடைக்காரர் பெட்டியை எடுத்துக் கொடுத்து, காசை எண்ணிப் போட்டுவிட்டு, துண்டைக் கசக்கிக் கூடைக்குள் எறிகிறார்.